ரயருக்குள் என் கை சுற்றாத பாதி

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, அயலவர்களே, அண்ணாவோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்களே,

அண்ணா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. முப்பத்தோராம் நாள் வெளியிட்ட நினைவு மலரில், அந்தக் கல்வெட்டில், நான் ஒரு வரிகூட எழுதவில்லை. "கூடப் பிறந்தவள், அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருசம் கடிதம் எழுதினவள், ஒரு பக்கம் எழுத ஏலாதோ?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். துக்கத்தில் கை ஓடவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அது உண்மையில்லை. எழுத உட்கார்ந்தால் எதை எழுத வேண்டிவரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். முறைப்படி அண்ணாவின் வாழ்க்கையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

அண்ணா பிறந்தது கிளிவெட்டியில். நாங்கள் இரண்டு பேர்தான். ஐயா வயல் செய்தார். அண்ணாவுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது வரம்பில் பாம்பு கடித்து ஐயா இறந்துபோனார். அதோடு அண்ணாவின் படிப்பு நின்றது. திருகோணமலைக்கு வந்து துறைமுகத்து வேலைத்தளம் ஒன்றில் கையாளாகச் சேர்ந்தார். இரும்பும் எண்ணெயும் அவருக்குப் பிடித்துக்கொண்டன. தான் விட்ட படிப்பை நான் விடக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக நின்றார். நான் அரசாங்க உத்தியோகத்துக்குப் போன முதல் நாள், வாசலில் என்னை இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர் அவர்.

அண்ணியைக் கலியாணம் செய்தார். ஒரே மகன், என் மருமகன், இப்போது கனடாவில் இருக்கிறார். சண்டைக் காலத்தில் எங்கள் குடும்பம் பட்ட பாடு உங்கள் குடும்பங்கள் பட்ட பாடுதான். ஓடினோம், கூடாரத்தில் இருந்தோம், திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அண்ணா தன் கையாலேயே கூரை போட்டார். பிறகு அண்ணி புற்றுநோயில் போனார். நான் கலியாணம் செய்யவில்லை, அதற்கான காரணம் இந்த மலருக்குத் தேவையில்லை. அண்ணி போன பிறகு நான் அண்ணாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் தங்கை இருவரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தோம்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் அண்ணாவைப் பற்றிச் சொல்ல முடியாது. நகரத்தில் இருந்த வயதான டொக்டர் ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது அண்ணாவிடம் விட்டுப்போன சின்னக் கறுப்புக் கார். அண்ணாவைவிட இரண்டு வயது மூத்தது. "மூத்தவைக்கு மரியாதை குடுக்கோணும்" என்று சொல்லி, அதன் கதவை யாராவது அடித்துச் சாத்தினால் முறைப்பார். சண்டைக் காலத்தில் யாரும் பிடித்துக்கொண்டு போகக்கூடாது என்று அதைக் கல்லில் ஏற்றிவைத்து, நான்கு சில்லுகளையும் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தார். "மற்றப் பொம்பிளையளின்ர கட்டிலுக்குக் கீழ பெட்டி இருக்கும், எனக்கு நாலு சில்லு" என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார். இந்த மலரை வாசிக்கும் பலர் அந்தக் காரில் மாப்பிள்ளை பொம்பிளையாகப் போனவர்கள். இரண்டு பேராவது அதில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தவர்கள். யாரிடமும் அண்ணா ஒன்றும் வாங்கியதில்லை.

காருக்கு ரயர் போடுவதற்கு அண்ணா கடைக்குப் போகமாட்டார். வீட்டிலேயேதான் போடுவார். கிண்ணியாவில் இருந்த அவருடைய முஸ்லிம் கூட்டாளி, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரே ரயர் கடை வைத்திருந்தார். "அண்ணன், இந்த மெஷின் உங்கட பழைய சில்லக் கடிச்சிரும், கையால போடுங்க" என்று சொன்னவரும் அவர்தான். முற்றத்தில் பாயை விரித்து அதன்மேல் சில்லைக் கிடத்துவார். றிம்மில் துரு இருந்தால் தேய்த்து, நடுவில் ரப்பர் பட்டியைப் போடுவார். ரியூப்புக்குக் கொஞ்சம் காற்றடித்து, அது மடியாமல் வழுக்குவதற்கு முகப் பவுடர் பூசுவார். ரயரின் விளிம்புக்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவி, முழங்காலால் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டு, மறுபக்கத்தை இரண்டு இரும்பு லீவரால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுவார். லீவர் ரியூப்பைக் கடித்துவிட்டால் எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்ய வேண்டும். காற்றடித்து, முழுதும் இறக்கிவிட்டு, மறுபடி அடிப்பார். உள்ளே சுருங்கிக் கிடக்கும் ரியூப் அப்போதுதான் நிமிரும் என்பார்.

இவற்றுக்கெல்லாம் முன்பு ஒரு வேலை இருந்தது. ரயரின் ஓரத்தில், வால்வு வரப்போகும் இடத்தில், மாக்கட்டியால் ஒரு கோடு போடுவார். பிறகு வெறும் உள்ளங்கையை ரயருக்குள் விட்டு, அந்தக் கோட்டில் தொடங்கி, மெல்லத் தடவிக்கொண்டு ஒரு முழுச் சுற்றுப் போய், மறுபடி கோட்டுக்கே வந்து சேருவார். உள்ளே மண்ணோ கம்பித் துண்டோ எது கிடந்தாலும் ரியூப்பை நாளடைவில் அரித்துவிடும். எங்கள் வளவோ கடல் மண். கடல் ஊருக்குள் வந்த ஆண்டுக்குப் பிறகு எங்கே கிண்டினாலும் உடைந்த சிப்பிதான். கண்ணை நம்பமாட்டார், லைட் அடித்துப் பார்க்கமாட்டார். கையால் தொட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் காலை, குசினியில் கொதித்த கேத்திலை அண்ணா துணி இல்லாமல் வெறுங்கையால் தூக்கினார். தூக்கிக்கொண்டு என்னோடு கதைத்தபடியே நின்றார். உள்ளங்கை பொங்கிவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பல வருடமாக அவருக்கு இருந்த நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், விரல்களின் உணர்ச்சியையும் எடுத்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு அது முன்பே தெரியும்.

"தம்பிக்குச் சொல்லாதை" என்றார். மகனை நாங்கள் இருவரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏன் சொல்லக்கூடாது?"

"சொன்னா கார் ஓட விடமாட்டான். கார் இல்லாட்டி நான் என்னத்துக்கு?"

நான் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை, கிளினிக்கில் டொக்டரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ரயருக்குள் சுற்றுகிற கை என்னுடையதாயிற்று. கோடு போட்டுவிட்டு, "தங்கச்சி, உன்ர கையைத் தா" என்று கூப்பிடுவார். நான் குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவேன். சுற்றி முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்பார். "முழுக்கச் சுத்தினனியோ?" நானும் ஒரே பதிலைச் சொல்வேன். "ஓம், சுத்தினனான்."

சென்ற ஆண்டு பழைய ரயர்கள் வெடித்துப்போய்க் கார் நின்றுவிட்டது. அந்த அளவு இங்கே எங்கும் கிடைக்கவில்லை. மருமகன் கனடாவில் பல மாதம் தேடி, நான்கு ரயரும் நான்கு ரியூப்பும் வாங்கிப் பெட்டியில் அனுப்பினார். பெட்டியைப் பிரித்த அன்று அண்ணா ரயர்களை எடுத்து மணந்து பார்த்தார். எனக்கும் மணக்கத் தந்தார். அண்ணி போன பிறகு அவர் முகத்தில் அப்படிச் சந்தோசத்தை நான் கண்டதில்லை.

முதல் மூன்று சில்லுகளையும் இரண்டு நாளில் போட்டு முடித்தோம். அந்த மூன்றிலும் என் கை முழுதாகச் சுற்றியது. மூன்றாம் நாள் காலை, முன்பக்கத்து இடச் சில்லு மட்டும் மிச்சம் இருந்தது. அன்று எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. சில்லுகள் தயாராகிவிட்டதும் கிளிவெட்டிக் கோயில் பொங்கலுக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போகப்போவதாக அண்ணா சொன்னார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தக் கையோடு அவ்வளவு தூரம் ஓட விடமாட்டேன், இன்றைக்கே தம்பியிடம் சொல்லப்போகிறேன் என்றேன். அண்ணா கோடு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்.

"உனக்கெண்டு ஒரு பிள்ளை இருந்தாத் தெரியும், எதைச் சொல்லுறது எதை விடுறது எண்டு."

அண்ணா கெட்ட மனிதர் அல்ல. அறுபது வருடத்தில் என்னிடம் அப்படி ஒரு சொல் சொன்னது அந்த ஒரு முறைதான். ஆனால் அந்தச் சொல் எனக்குச் சுட்டுவிட்டது. "உன்ர கையைத் தா" என்று அவர் கூப்பிட்டபோது போய்க் குந்தினேன், கையை உள்ளே விட்டேன். பாதி தூரம் போயிருக்கும். ஆத்திரத்தில், இவருக்கு நான் ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று கையை வெளியே எடுத்துவிட்டேன்.

"முழுக்கச் சுத்தினனியோ?"

"ஓம்."

அண்ணா பவுடர் பூசிய ரியூப்பை உள்ளே வைத்தார். லீவரை எடுத்தார்.

ஆத்திரம் பின்னேரத்துக்குள் போய்விட்டது. அண்ணா எனக்குப் பிடித்த சூரை மீன் வாங்கிக்கொண்டு வந்து, மன்னிப்புக் கேட்காமலே மன்னிப்புக் கேட்டார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சில்லைக் கழற்றி மறுபடி பார்க்க ஒரு மணித்தியாலம் போதும். ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். சொன்னால் வெட்கம் என்றும் நினைத்தேன். எட்டு நாள் கார் ஓடியது. நானும் இரண்டு முறை அதில் ஏறிக் கோயிலுக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு நாளும் ஒன்றும் நடக்காதபோது, சொல்ல வேண்டிய அவசியமும் குறைந்துகொண்டே போனது. மருமகனுக்கும் நான் தொலைபேசி எடுக்கவில்லை.

எட்டாம் நாள் அண்ணா தனியாகக் கிளிவெட்டிக்குப் போனார். பொங்கல் முடிந்து, பிரசாதத்தை முன்சீற்றில் வைத்துக்கொண்டு திரும்பினார். வழியில் ஒரு வளைவில் முன்பக்கத்து இடச் சில்லின் காற்று ஒரேயடியாகப் போனது. மரத்த கைக்கு ஸ்ரேறிங் இழுத்தது தெரியப் பிந்தியிருக்கும். கார் மதகில் போய் மோதியது. வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். விலா எலும்பு உடைந்து நுரையீரலில் குத்தியிருந்தது. பேசுவது கஷ்டம், ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. நாலாம் நாள் மருமகன் வந்து சேர்ந்தார். ஐந்தாம் நாள் காலை அண்ணா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "நானாட்டச் சொல்லி... அந்தச் சில்லைத் திறந்து பாக்கச் சொல்லு. என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியோணும்" என்றார். சாகப்போகிற மனிதருக்கு அதுதான் கவலை. தான் போட்ட சில்லில் தான் என்ன பிழை விட்டோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று மத்தியானம் எங்கள் முற்றத்தில், அதே பாயில், அண்ணாவின் லீவர்களாலேயே நானா சில்லைத் திறந்தார். ரியூப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் ரப்பர் தேய்ந்து மினுங்கியது, அதன் நடுவில் கிழிந்திருந்தது. அந்த இடத்துக்கு நேரே ரயருக்குள் விரலை விட்டு, நகம் அளவான சிப்பித் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வால்வில் இருந்து ஒரு சாண் தூரம். கோட்டில் தொடங்கிய கை கடைசியாக வந்து சேர வேண்டிய பக்கம்.

"கை விட்டுப் பாக்காம அண்ணன் மூடமாட்டாரே" என்றார் நானா.

"அவருக்குக் கையில உணர்ச்சி இல்லை நானா. நான்தான் பாத்தனான். அரைவாசியில கையை எடுத்துப்போட்டன்."

நானா ரியூப்பைச் சுருட்டிக் கீழே வைத்தார். "ரியூப் நல்ல ரியூப், தங்கச்சி. வேற எங்கயும் ஒரு கீறல் இல்ல. இத நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். சொல்றதெண்டா நீங்கதான் சொல்லணும்."

சொல்வதற்கென்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிப்பித் துண்டு என் கைப்பைக்குள் இருந்தது. அண்ணா கண்ணைத் திறந்தார். கால்மாட்டில் மருமகன் நின்றார்.

"நானா என்ன சொன்னவர்?"

நான் வாயைத் திறந்தேன். "ரியூப் பிழையாம் அண்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். அண்ணாவின் மனம் நோகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று எனக்கே ஒரு கதை சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. பயத்தில் சொன்னேன், அவ்வளவுதான். அந்த ரியூப்பை வாங்கி அனுப்பியவர் கால்மாட்டில் நிற்கிறார் என்பது, அப்படிச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணாவும் அதைக் கண்டார். மகனைக் கண்ணால் கிட்டக் கூப்பிட்டு, ஒன்றையும் உணராத தன் கையை அவர் கைமேல் வைத்தார். "பரவாயில்லை தம்பி. நீ என்ன செய்வாய்? ஆசையா வாங்கி அனுப்பினனி" என்றார். மகனோடு அவர் கதைத்த கடைசிக் கதை அதுதான். மறுநாள் விடிய அண்ணா போய்விட்டார். செய்யாத பிழைக்கு மகனை மன்னித்துவிட்டுப் போனார். பிழை செய்தவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். "பெடியன் வெளிநாட்டில கண்ட கண்ட சாமானை வாங்கி அனுப்பித் தகப்பனை முடிச்சுப்போட்டான்" என்று செத்தவீட்டிலேயே கதை பரவியது. அந்தக் கதையை நான் மறுக்கவில்லை. மருமகன் முப்பத்தோராம் நாள் முடிந்ததும் ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் திரும்பிப் போனார். இப்போது கார் ஓடுவதில்லையாம், பனியிலும் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறாராம், அவருடைய மனைவி சொல்லி அழுதார். ஓராண்டு முடிவில் வரும் இந்த ஆட்டைத் திவசத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டேன். "எந்த முகத்தோட வாறது மாமி? நான்தானே அப்பாவைச் சாக்காட்டினது" என்றார். அப்போதுதான் என்னால் இதற்குமேல் ஏலாது என்று ஆனது.

போன கிழமை தொலைபேசியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏன் மாமி அப்பாட்டச் சொல்லேல்லை?" அவர் போனை வைத்துவிட்டார். இதை எழுதும்வரை திரும்ப எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் அது அவருடைய நியாயம்.

அவரிடம் தனியாகச் சொன்னது போதாது. பழி ஊர் முழுக்கப் போயிருக்கிறது, ஆகவே உண்மையும் ஊர் முழுக்கப் போக வேண்டும். அச்சகத்தில் இதை வாசித்த பிள்ளை, "அம்மா, இதை இப்பிடியே போடவோ?" என்று கேட்டது. எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கோ, மற்றப் பிழை என்னுடையது என்றேன். உங்களில் யாருக்காவது என் முகத்தில் முழிக்க மனமில்லை என்றால் நான் குறை நினைக்கமாட்டேன். ஆனால் அண்ணாவின் பேரில் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஏசுங்கள். பசியோடு ஒருவரையாவது அனுப்பினால் அது அவருக்குப் பிடிக்காது.

இனி நன்றி சொல்ல வேண்டும். மதகடியில் ஓடிவந்து, வயல் வேலையை விட்டுவிட்டுக் கதவை உடைத்து அண்ணாவை வெளியே எடுத்த, பேர் தெரியாத அந்த நான்கு பேருக்கும் நன்றி. ஆறு நாளும் முகம் சுழிக்காமல் பார்த்த தாதிமாருக்கு நன்றி. பாடை கட்டியவர்களுக்கும், முப்பத்தொரு நாளும் அடுப்பு எரியாத இந்த வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், இன்றைய கிரியைகளை நடத்தித் தரும் குருக்களுக்கும் நன்றி. ஒரு வருடமாக என் பாவத்தைத் தன் வாய்க்குள் வைத்திருந்த நானாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தம்பி, உனக்கும் ஒரு நன்றி இருக்கிறது. முன்பக்கம் நசுங்கிய கார் இன்னும் கொட்டிலில்தான் நிற்கிறது. இடப்பக்க முன்சில்லு இருந்த இடத்தில் கல் வைத்திருக்கிறது. மற்ற மூன்றிலும் இருப்பது நீ அனுப்பிய ரயர், நீ அனுப்பிய ரியூப். இன்று காலை மூன்றையும் கையால் அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வருடமாக ஒருவரும் காற்றடிக்காமல் அந்தக் காரைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. உன் சாமானில் ஒரு பிழையும் இல்லை. நீ வந்தால் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் உன் கையை அதில் வைத்துக் காட்டுவேன்.

அண்ணாவின் படத்துக்கு முன்னால் இன்று விளக்கு ஏற்றியபோது, தேவாரம் ஒன்றும் என் வாயில் வரவில்லை. அவர் கேட்ட கேள்விதான் வந்தது. ஒரு வருடம் பிந்தி, உங்கள் எல்லோர் முன்னாலும், அதற்குப் பதில் சொல்கிறேன்.

இல்லை அண்ணா. அரைவாசிதான் சுத்தினனான்.

உங்கள் தங்கச்சி